உஸ்தா பயூமியும் நாலேகால் கிலோ தர்பூசணியும்

"கழுவின வண்டிய நான் நம்பறதே இல்ல தம்பி. சந்தைக்கு வர்ற அன்னிக்கு மட்டும் ஒரு வண்டி குளிக்குதுன்னா, எதையோ மறைக்குதுன்னு அர்த்தம்."

இதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. "உஸ்தா, டீக்குச் சர்க்கரை எவ்வளவு?" என்றுதான் வண்டி வாங்க வந்து பக்கத்தில் நின்ற பிளம்பர் கேட்டார். அதற்குள் உஸ்தா பயூமி வெள்ளை பிக்கப்புக்குள் பாதி உடம்பை நுழைத்து, காலடி விரிப்பைத் தூக்கி, அதனடியில் மூக்கை வைத்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டார்.

"ஃபாப்ரிகா உஸ்தா! அம்மா சத்தியமா ஃபாப்ரிகா! ஒரு விரக்கடை கூட கை வைக்கல," என்று வண்டிக்காரர் பின்னால் நின்று தவித்தார். கம்பெனியில் அடித்த பெயிண்ட் அப்படியே இருக்கிறது என்பதைச் சந்தையில் அந்த ஒரு சொல்லில் முடித்துக்கொள்வார்கள்.

"கை வைக்கல, சரி. மீன் வாய் வெச்சிருக்கே!" சீட் நகரும் தண்டவாளத்துக்குள் விரலை விட்டு, காய்ந்த வண்டலை நகத்தில் சுரண்டி எடுத்துக் காட்டினார் பயூமி. "கால்வாய்ல விழுந்து எந்திரிச்ச வண்டி இது. இன்னிக்கு ஓடும். குளிர்காலம் வந்தா லைட்டு தானா எரியும், ஹாரன் தானா அடிக்கும். பேய் புடிச்ச வண்டிய தினமும் வேலைக்கு எடுத்துட்டுப் போவியா தம்பி? நாலு ஸ்பூன்."

கடைசி இரண்டு சொற்கள் சர்க்கரைக்கான பதில்.

மன்சூரா நகருக்கு வெளியே வெள்ளிக்கிழமைதோறும் கூடும் வண்டிச் சந்தையில் இருபத்தாறு வருடமாக அவர் தொழில் இதுதான். பழைய பிக்கப் வாங்க வருகிறவர்களுக்கு வண்டியைப் பார்த்துச் சொல்வது. வேலை தெரிந்தவர் என்ற மரியாதைக்கு எல்லோருக்கும் அவர் 'உஸ்தா'. கார்களைத் தொட மாட்டார். "காரு பணக்காரன் மாதிரி, மூஞ்சில ஒண்ணும் காட்டாது. பிக்கப்பு நம்மாளு. மரியாதையா கேட்டா எல்லாத்தையும் கொட்டிரும்."

அவர் கேட்கும் விதம் வேறு யாருக்கும் வராது. மற்ற ஆட்கள் முதலில் பானெட்டைத் திறப்பார்கள். இவர் பானெட்டின் மேல் உள்ளங்கையை மட்டும் வைப்பார். சூடாக இருந்தால், "காலையிலயே எழுப்பி இரும வெச்சுட்டுத்தான் கூட்டிட்டு வந்திருக்காரு," என்று சொல்லி, ஆறும்வரை வேறு வேலை பார்ப்பார். விரல் கணுவால் தகரத்தைத் தட்டிக்கொண்டே வண்டியைச் சுற்றுவார். டங், டங், டங், டொப். டொப் என்ற இடத்தில் பட்டி பூசியிருக்கும். அங்கே நின்று வண்டிக்காரரை ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். பாதிப் பேர் அந்தப் பார்வையிலேயே விபத்து நடந்த தேதியைச் சொல்லிவிடுவார்கள்.

பிறகு உள்ளே ஏறுவார். ஓட்டுகிற பக்கம் இல்லை, பக்கத்துச் சீட்டில். கதவு உள்ளேயிருந்து திறக்கிறதா, கண்ணாடி இறங்குகிறதா, வெயில் முகத்தில் விழுகிறதா, முழங்கால் எங்கே இடிக்கிறது என்று பார்ப்பார். "தினசரி ஓட்டுற வண்டிக்கு முதலாளி ஸ்டியரிங் புடிக்கிறவன் இல்ல. பக்கத்துல உக்காந்து குறை சொல்றவ. அவளுக்குச் சரிப்பட்டா எஞ்சின் நூறு வருசம் ஓடும்."

எல்லாம் ஒத்துவந்தால் காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுப்பார். டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்து மூடியின் உட்புறத்தில், யார் கண்ணிலும் படாத மூலையில், ஒரே ஒரு எழுத்து எழுதுவார். ஒரு படகு, அதன் கீழே ஒரு புள்ளி. அரபியில் அவர் பெயரின் முதல் எழுத்து. நாலாம் வகுப்போடு நின்றவர் இன்னும் மிச்சமில்லாமல் ஞாபகம் வைத்திருக்கும் எழுத்தும் அதுதான். இருபத்தாறு வருடத்தில் அந்தப் படகை வாங்கிய வண்டிகள் முந்நூறுகூட இருக்காது. "நான் எழுத்துப் போட்ட வண்டி எதுவும் எனக்கு மறக்காது," என்பார். இத்தனை வண்டி பார்த்தவர் சந்தைக்கு வருவது சைக்கிளில்.

இந்தக் கோடையில் அவர் தாத்தா ஆனார்.

மகள் ரீஹாம் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து, ருகய்யாவைப் பெற்றெடுத்த நாளிலிருந்து சந்தையில் ஒரு புது வழக்கம் வந்துவிட்டது. பானெட்டுக்கு முன்னால் போன் திறக்கும். "இதப் பாருங்க. கொட்டாவி விடுறா. மொத்தம் பதினோரு கொட்டாவி, தனித்தனியா எடுத்திருக்கேன்." விவரம் தெரிந்த வண்டிக்காரர்கள் போன் பையிலிருந்து வெளியே வருவதற்குள் "மாஷா அல்லா, மாஷா அல்லா" என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு புது ஆள் மட்டும் கண்ணேறு படாமலிருக்கச் சொல்லும் அதைச் சொல்லாமல், "அடேங்கப்பா, என்ன கன்னம்!" என்று வெறுங்கண்ணைப் போட்டுவிட்டான். அவன் வண்டிக்கு உஸ்தா அன்றைக்குச் சொன்ன பதினாலு குறைகளில் ஆறுதான் உண்மை என்று சந்தையில் இன்னும் பேச்சு.

ஆனால் நாற்பதாம் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நாற்பது முடிந்த மறுநாள், சனிக்கிழமை, ரீஹாம் குழந்தையோடு புருஷன் ஊரான கஃப்ர் ஸாலிமுக்குப் போக வேண்டும். முப்பது கிலோமீட்டர். கால்வாய் ஓரச் சாலை. ஒவ்வொரு ஊர்க்காரரும் தங்கள் வீட்டு வாசலுக்கு நேராகத் தாங்களே தார் கொட்டி எழுப்பிய வேகத்தடைகள் இருபத்து மூன்று. பயூமி சைக்கிளில் போய் எண்ணிவிட்டு வந்தார். மினிபஸ் டிரைவர்கள் அந்தத் தடைகளைப் பார்த்தால் வேகத்தைக் கூட்டுகிற ஜாதி. அதில் ருகய்யாவா? "என் பேத்தி என் வண்டிலதான் போவா. அப்புறம் தினமும் போய்ப் பாத்துட்டு வருவேன்," என்று அறிவித்துவிட்டார். மனைவி நவாலும் மறுபேச்சுப் பேசாமல் சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தாள்.

அப்போதுதான் அந்தத் தர்பூசணி வந்தது.

முதல் வெள்ளி பழக்கடையில் நின்று, "நாலேகால் கிலோ. ஒரு கிராம் கூடவும் வேணாம், குறையவும் வேணாம்," என்றார். கடைக்காரர் வழக்கம்போல், "கத்தி வெச்சுக் காட்டவா உஸ்தா? சிவப்புக்கு நான் ஜவாப்தாரி," என்றார். "செவப்பு யாருக்கு வேணும்? எடையப் போடுய்யா." ருகய்யாவின் அன்றைய எடை அது. பழத்தை அவளுடைய ரோஜா நிறத் துண்டில் சுற்றினார். ஏழாம் நாள் சடங்கில் குழந்தையைப் படுக்கவைத்து ஆட்டிய அதே சல்லடையை வீட்டிலிருந்து கொண்டுவந்து, பழத்தை அதில் வைத்து, சல்லடையை சீட்டில் வைத்தார். சந்தையிலிருந்து பாலம்வரை ஐந்து வேகத்தடை. பழம் சல்லடையை விட்டு எழும்பினால் வண்டி தோல்வி.

முதல் வாரம் ஏழு வண்டி தோல்வி. இரண்டாம் வாரம் ஒன்பது. ஒரு பழம் டாஷ்போர்டில் மோதி, வண்டிக்காரரின் வெள்ளை அங்கி முழுக்க ஜவாப்தாரிச் சிவப்பு. மற்றவருக்கு "ஓடுற வண்டியப் பாரு, கல்யாணப் பொண்ணப் பாக்காத" என்று புத்தி சொல்கிறவர், தனக்கென்று வந்ததும் மாமியாராகிவிட்டார். வீட்டில் மூன்று வேளையும் தர்பூசணி.

மூன்றாம் வெள்ளி, அதாவது கடைசி வெள்ளி, நவால் தன் கைப்பையை மாட்டிக்கொண்டாள். "நானும் வரேன். எனக்கு இனிமே தர்பூசணி எறங்காது."

பதினொரு மணிவரை நான்கு வண்டி பார்த்தாயிற்று, நான்கும் தோல்வி. தொழுகைக்கு முன் சந்தை கலைந்துவிடும். கடைசி வரிசையில் ஒரு பச்சை பிக்கப் நின்றது. கழுவாத வண்டி. பின்பக்க பம்பரின் அடியில், கண்ணேறு படாமலிருக்க ஒரு சின்னக் குழந்தையின் பிய்ந்த செருப்பு கம்பியில் தொங்கியது. பக்கத்தில் முக்காலியில், முழங்காலைத் தடவிக்கொண்டு, நூற்றிருபது கிலோவுக்குக் குறையாத ஒரு மனிதர். உருளைக்கிழங்கு வியாபாரி ஹாஜி முத்வல்லி.

"வாங்க உஸ்தா. உங்களுக்காகத்தான் காலையிலேருந்து உக்காந்திருக்கேன்."

"என்னத் தெரியுமா?"

"உங்களத் தெரியாதவங்க உண்டா?" என்று மட்டும் சொல்லி, தாடிக்குள் சிரித்துக்கொண்டார் முத்வல்லி.

பயூமி தட்டினார். டங், டங், டொப். "இங்க?"

"எருமை."

"இங்க?"

"அதே எருமை. திரும்பி வந்துச்சு."

"பச்ச பெயிண்ட் யாரு அடிச்சது?"

"மச்சினன். மிச்சம் இருந்துச்சுன்னு வீட்டுக் கதவுக்கும் அடிச்சுட்டான். ஃபாப்ரிகா இல்ல உஸ்தா, பொய் சொல்ல மாட்டேன். ஆனா எட்டு வருசம் என்ன நடுரோட்டுல நிக்க வெச்சதில்ல."

பானெட் குளிர்ந்திருந்தது. ஒரே திருப்பில் எஞ்சின் பிடித்தது. சைலென்சர் வாயில் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்துப் பார்த்தார், கறுக்கவில்லை. விரிப்புக்கு அடியில் மண்வாசனை இருந்தது, கால்வாய் வாசனை இல்லை. கிளட்ச், கியர், பிரேக் எதுவும் முனகவில்லை. நவால் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கதவை இரண்டு முறை திறந்து மூடி, "முழங்கால் இடிக்கல," என்று தீர்ப்புச் சொன்னாள். சல்லடை நடுவில் ஏறியது. முத்வல்லி பிணையாகச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சந்தையிலேயே நின்றார்.

முதல் தடையைப் பயூமி ஆமை வேகத்தில் கடந்தார். பின்னால் நாலு ஆட்டோ, ஒரு கழுதை வண்டி, எல்லாம் சேர்ந்து கத்தின.

"கழுதை நம்மள முந்துது," என்றாள் நவால். "இப்படி ஓட்டினா அந்தக் கழுதை வண்டியிலகூடத்தான் பழம் அசையாது. நீங்க சோதிக்கிறது வண்டியையா, இல்ல ஊருக்கு ஊர்வலம் காட்டுறீங்களா?"

ரோஷத்தில் மிதித்தார். இரண்டாம் தடையில் வண்டியின் பின்பக்கம் துள்ளியது. ரோஜாத் துண்டோடு பழம் சல்லடையை விட்டு எழும்பிப் பறந்தது. பயூமி ஸ்டியரிங்கை விட்டு இரண்டு கையாலும் அதைப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். நல்லவேளை, கால் பிரேக்கில் இருந்தது. நடுரோட்டில் வண்டி நின்றது. அவர் பழத்தின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"இதுவும் ஆகாது," என்றார். "நாளைக்கு அவ போகணும் நவால். இதுவும் ஆகாது."

நவால் சல்லடையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "ரீஹாம் அப்பா, ஏழாம் நாளு இத யாரு ஆட்டினது?"

"நாந்தான்."

"பொம்பளைங்க ஆட்ட வேண்டியத, கூட்டத்துக்குள்ள பூந்து புடுங்கி, குழந்தைய வெச்சு அந்த ஆட்டு ஆட்டுனீங்க. எதுக்கு ஆட்டுறோம்? நாளைக்கு உலகம் ஆட்டுறப்ப பயப்படாம இருக்கட்டும்னுதானே? ஆட்டுறதுக்குன்னே வெச்சிருக்கிற சல்லடையில உக்கார வெச்சு, ஆடாத வண்டி தேடுறீங்களே, உங்கள எந்தச் சந்தையில கொண்டு விக்கிறது?"

பயூமி வண்டியைத் திருப்பினார். சந்தையில் இறங்கியதும் முகத்தைத் தொழில் முகமாக்கிக்கொண்டார். "ஹாஜி, மன்னிக்கணும். பின்னாடி ஸ்பிரிங் பட்டை ரொம்ப முரடு. துள்ளுது. தினசரிக்கு லாயக்கில்ல."

"காலி பிக்கப்பு துள்ளத்தான் செய்யும் உஸ்தா. அதுக்குப் பட்டை போட்டது பாரம் சுமக்க. முதுகுல கொஞ்சம் எடையப் போட்டா ஒட்டகம் மாதிரி போகும்."

"இத உங்களுக்கு எவன் சொன்னான்?"

"எட்டு வருசத்துக்கு முன்னாடி, இதே சந்தையில, ஒரு பெரிய மனுசன் சொன்னாரு." முத்வல்லி கதவுக்குள் கையை நீட்டி டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தார். மூடியின் மூலையில், உருளைக்கிழங்குத் தூசிக்கு அடியில், ஒரு படகு. அதன் கீழே ஒரு புள்ளி.

பயூமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். விரலால் தொட்டுப் பார்த்தார். "அப்ப இது வெள்ளையா இருந்துச்சு," என்றார் கடைசியில்.

"அப்ப என் தாடி கறுப்பா இருந்துச்சு."

"எந்த வண்டியும் மறக்காதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறாரு," என்றாள் நவால் காற்றைப் பார்த்து. "ஊருக்கெல்லாம் இந்த எழுத்து போதும். இவருக்கு மட்டும் பத்தாது. இவரு கையெழுத்துக்குத் தர்பூசணி சாட்சிக் கையெழுத்துப் போடணும்."

முத்வல்லி முக்காலியிலிருந்து எழுந்தார். "பாரத்தோட ஒரு தடவை பாத்துடுங்க. பாரம் நானே." இரண்டு பேர் தள்ள, ஒருவர் இழுக்க, முழங்காலைத் திட்டிக்கொண்டே வண்டியின் பின்தட்டில் ஏறி, சக்கரத்துக்கு மேலே சம்மணம் போட்டார். வண்டி ஒரு பெருமூச்சு விட்டு இறங்கிக் கொடுத்தது. ஐந்து தடை போக, ஐந்து தடை வர. பழம் துண்டுக்குள் இப்படியும் அப்படியும் சாய்ந்து ஆடியது. சல்லடையை விட்டு எழும்பவில்லை. பின்னாலிருந்து ஒவ்வொரு தடைக்கும், "எப்படி உஸ்தா?" என்று குரல் வந்தது.

கை குலுக்கி வியாபாரம் முடிந்தது. முத்வல்லி இடுக்கி கேட்டு வாங்கி, குனிய முடியாமல் குனிந்து, பம்பரிலிருந்த செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். "இது விலையில சேராது. என் பேரனோடது. இப்ப அவன் கால் என் கால விடப் பெருசு." பயூமி தலையாட்டினார். அவருக்கு அது விளங்கியது. வெறும் கம்பி மட்டும் தொங்கியது. ருகய்யாவுக்கு இன்னும் செருப்பு கிடையாது. வீட்டுக்குப் போனதும் அவளுடைய கம்பளிக் காலுறைகளில் ஒன்றைத் திருடிக்கொண்டுவந்து கட்டினார். மிச்சமிருக்கும் ஒற்றைக்கு ஜோடியை ரீஹாம் மூன்று நாள் தேடப்போகிறாள்.

சனிக்கிழமை காலை மருமகன் ஹுஸாம் மனைவியையும் குழந்தையையும் கூட்டிப்போக வந்தார். கணக்கு வாத்தியார், இஸ்திரி போட்ட சட்டை. மாமனார் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"மாப்பிள்ளை, நீங்க எத்தனை கிலோ?"

"எதுக்கு மாமா? எழுபத்திரண்டு."

"பத்தாதே." உள்ளே போய் இரண்டு மூட்டை அரிசி கொண்டுவந்து ஏற்றினார். "பின்னாடி ஏறுங்க. சக்கரத்துக்கு மேல. இல்ல, இன்னும் கொஞ்சம் வலப்பக்கம். அங்க! அசையக் கூடாது."

மெத்தை, தொட்டில், நவால் கட்டிக்கொடுத்த புறா வறுவல் டப்பாக்கள், அரிசி, நடுவில் வாத்தியார். முன்னால் ரீஹாம், மடியில் ருகய்யா. நவாலுக்கு இடமில்லை. வாசலில் நின்று வழியனுப்பினாள்.

முதல் தடை வந்தது. பயூமி மூச்சைப் பிடித்தார். வண்டி ஏறி, ஆடி, இறங்கியது. ருகய்யா கண்ணை மூடினாள். இரண்டாம் தடையில் வாய் திறந்தது, பன்னிரண்டாவது கொட்டாவி. ஸ்டியரிங்கை விட முடியாததால் அதைப் படம் எடுக்க முடியவில்லை. மூன்றாம் தடையில் அவள் தூங்கிப்போனாள். மிச்சமிருந்த இருபது தடைக்கும் அசையவில்லை. "வீட்டுல ராத்திரி பூரா ஆட்டினாலும் இப்படித் தூங்க மாட்டாப்பா," என்றாள் ரீஹாம் கிசுகிசுப்பாக.

கஃப்ர் ஸாலிமில் மாப்பிள்ளை வீட்டு வாசலில் ஆட்கள் காத்திருந்தார்கள். பயூமி எஞ்சினை நிறுத்தினார். ருகய்யா கண்ணைத் திறந்தாள், முகத்தைச் சுளித்தாள், தெரு முழுக்கக் கேட்கும்படி அழுதாள்.

பயூமி சாவியைத் திருப்பினார். எஞ்சின் உறுமியதும் அழுகை நின்றது. "ஒரே ஒரு சுத்து. தூங்கினதும் எறக்கிடலாம்," என்று ரீஹாமிடம் சொல்லிவிட்டு, கைநீட்டி வந்த சம்பந்தியம்மாளைத் தாண்டி வண்டியை விட்டார். வாத்தியாரை இறக்கிவிடும் ஞாபகம் யாருக்கும் வரவில்லை. மசூதியைச் சுற்றி, சோளக் கொல்லையைச் சுற்றி, கால்வாய்ப் பாலத்தில் திரும்பி மறுபடி வாசலுக்கு. நிறுத்தினால் அழுகை, எடுத்தால் தூக்கம். மூன்றாம் சுற்றில் ஊர்க்காரர்கள் கையசைக்க ஆரம்பித்தார்கள். பின்தட்டிலிருந்து ஹுஸாமும் வேறு வழியில்லாமல் கையசைத்தார். ஐந்தாம் சுற்றில், இந்த ஊரில் ஆட்டிவிடத் தடைகள் போதவில்லை என்று, பயூமி பக்கத்து ஊர்ப் பக்கம் வண்டியைத் திருப்பினார். ஆடி ஆடிப் போன வண்டியின் பின்னால் ஒற்றைக் கம்பளிக் காலுறை தானும் ஆடிக்கொண்டு போனது.

அன்று காலை கிளம்பும்போது, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அவர் நவாலிடம் சொன்னது இது: "சோத்த அடுப்புலேருந்து எறக்காத, சூடு ஆறிடும். விட்ட கையோட திரும்பிடறேன்."